வன்னி மரமும் அதன் கண்காணாக் குடிகளும்

விளைநிலத்தின் நடுவே மரம் நிற்கலாமா என்று நம் பக்கத்துக் குடியானவர் எவரைக் கேட்டாலும், "மர நிழலில் பயிர் வருமோ?" என்றே அவர் திருப்பிக் கேட்பார். அவர் கேட்பது நியாயமே. புளியமரத்தடியில் பயிர் சோர்ந்து வெளுப்பதை அவர் கண்ணாரக் கண்டவர். ஆனால் இராஜஸ்தானத்தின் மேற்கே பரந்து கிடக்கும் தார்ப் பாலையில், மார்வாட்டுக் குடியானவர் தம் கம்பங்கொல்லையின் நடுவே வன்னி மரங்களைத் தாமே விரும்பி விட்டுவைத்திருக்கிறார். ஏர் ஓட்டும்போது அவற்றைச் சுற்றி ஓட்டுகிறார். மரத்தடிக் கம்பு வெளியிலுள்ள கம்பைக் காட்டிலும் இளைப்பதில்லை. பல கொல்லைகளில் செழித்தே நிற்கிறது.

வன்னி நமக்கு அந்நிய மரமன்று. விருத்தாசலத்தில் தலவிருட்சமாக நின்று வணங்கப்படுவதும் அம்மரமே. அந்நாட்டார் அதனைக் கேஜ்ரி என்பர். அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. அதன் இளங்காய் சாங்ரி என்னும் பெயரால் மனிதருக்குக் கறி. 1983ஆம் ஆண்டில் இராஜஸ்தான அரசு அதனைத் தன் மாநில மரமாக ஏற்றது. இவ்வளவும் கண்ணால் காணத்தக்க நன்மைகள். இவற்றினும் பெரிய நன்மையொன்று மண்ணுக்குள் நடைபெறுகிறது. அம்மரத்தின் வேரிலும் வேரைச் சூழ்ந்த மண்ணிலும் கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. பாலைச் செடி தன் வலிமையால் மட்டும் பாலையில் வாழ்வதில்லை. இக்குடிகளின் துணையோடு வாழ்கிறது. அவற்றை மரத்தினின்றும் மண்ணினின்றும் பிரித்துக் கடையில் பொட்டலமாக வாங்கிக் கொள்ளலாம் என்று எண்ணி, மரத்தையும் புல்லையும் அழிப்பது பெருந்தவறு என்பதே நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கீழே கூறுவோம்.

முதலில் அந்நிலத்தின் கொடுமையைச் சிறிது கருதுக. ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி பலோடி என்னும் ஊரில் வெயில் 51 டிகிரி சென்டிகிரேடு என்று பதிவாயிற்று. காற்றே அவ்வாறானால், மணலின் மேற்பரப்பு அதனினும் கொதிக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய மணலில் உயிர் ஏது என்று நாம் எண்ணுவது இயல்பு. எனினும் அங்குள்ள நுண்ணுயிர்களிற் பல, ஈரமில்லாத மாதங்களில் தம் தொழிலை நிறுத்தி உறங்கிக் கிடக்கின்றன. மழைத்துளி விழுந்த சில நாழிகைக்குள் விழித்துத் தொழில் தொடங்குகின்றன. ஏனையவை செடியின் வேரை அண்டி வாழ்கின்றன. வேரினருகே சிறிது ஈரமும் நிழலும் உண்டு. வேர் கசியும் சர்க்கரை உணவாகிறது. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை மரம் இக்குடிகளுக்கு வாரமாக அளக்கிறது. அவை அதற்குக் கைம்மாறாகச் செய்யும் ஊழியங்கள் பல. அவற்றுள் முக்கியமான சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தழைச்சத்துச் சேர்ப்பது. பயறு வகைச் செடிகளின் வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1880களில் நிலைநாட்டினர். 1888இல் பெய்ஜெரிங் என்னும் டச்சு அறிஞர் அப்பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். வன்னியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தார்ப் பாலையின் செடிகளில் ஜோத்பூர் ஆராய்ச்சியாளர் இந்நூற்றாண்டில் நடத்திய சோதனைகளில், அங்குள்ள வன்னிக்கும் பிற நாட்டுச் செடிகள் பலவற்றுக்கும் முடிச்சு உண்டாக்குபவை பெரும்பாலும் என்சிஃபர் என்னும் வகுப்பினவே என்று தெரிய வந்தது. களர் மிகுந்த மண்ணையும் வெப்பத்தையும் தாங்கவல்ல வகுப்பு அது. ஆகவே எல்லா நிலத்துக்கும் ஒரே பாக்டீரியா என்பதில்லை. அந்தந்த மண்ணும் மரமும் தமக்கேற்ற குடிகளை நெடுங்காலமாகத் தேர்ந்து வைத்திருக்கின்றன.

வன்னி மரத்தடியில் தோண்டி முடிச்சைத் தேடுவோர் பலமுறை ஏமாற்றமடைவர். கோடையில் மேல் மண் வறண்டு கிடப்பதால் மேல் வேரில் முடிச்சு தங்குவதில்லை. அதனைக் கண்டு முடிச்சே இல்லை என்று முடிவு கட்டலாகாது. வன்னிக்கு உறவான மெஸ்கீட் என்னும் மரம் அமெரிக்காவின் சொனோரப் பாலையில் வளர்கிறது. அம்மரத்தைக் கலிபோர்னியாவில் 1980களில் ஆராய்ந்தவர்கள், தரையின் மேற்பரப்பில் அன்றிப் பல மீட்டர் ஆழத்தில், நிலத்தடி நீருக்கு அண்மையில் ஈரமான மண்ணில் முடிச்சுப் பாக்டீரியாக்கள் மிகுந்திருப்பதைக் கண்டனர். நம் மண்வெட்டி எட்டாத ஆழத்தில் மரமும் அதன் குடிகளும் தொழில் செய்கின்றன. அங்கே சேர்ந்த சத்து தழையாகி, உதிர்ந்து, மட்கி, மேல் மண்ணுக்கு வந்து சேருகிறது. வன்னியின் நிழலுக்குட்பட்ட மண்ணில் மட்குப் பொருளும் தழைச்சத்தும் வெளி மண்ணிலும் மிகுதி என்று ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தாரும் சோதித்துக் கண்டிருக்கின்றனர். கம்பு செழிப்பதன் இரகசியத்தில் பெரும்பகுதி இதுவே.

இரண்டாவது, மணிச்சத்தைத் தேடித் தருவது. பாலை மண்ணில் சுண்ணாம்பு மிகுதியாதலால் மணிச்சத்து கட்டுண்டு கிடக்கிறது. வேர் எளிதில் அதனை எடுக்க இயலாது. இவ்விடத்தில் துணைக்கு வருவது வேர்ப் பூசணம். பூசணம் என்றவுடன் நோய் என்று அஞ்சவேண்டாம், இது நண்பன். வேரின் உள்ளே ஒரு முனையும் மண்ணிலே மறு முனையுமாக, வேர்மயிரினும் மெல்லிய இழைகளை நெடுந்தூரம் நீட்டி, வேர் புகாத சந்துகளிலிருந்து மணிச்சத்தையும் நீரையும் கொணர்கிறது. வன்னி, இலந்தை, கம்பு, கொத்தவரை ஆகிய யாவற்றோடும் அது உறவு கொள்ளும். கடுகினத்தோடு மட்டும் கொள்ளாது. ஆகவே கடுகையே ஆண்டுதோறும் மாறாமல் விதைக்கும் நிலத்தில் இப்பூசணம் குன்றுவது இயல்பு. மண்ணை ஆழப் புரட்டும்போதெல்லாம் அவ்விழை வலை அறுபடுகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மணலை வேரோடு கட்டி ஈரத்தைக் காப்பது. பாலைப் புற்களைப் பிடுங்கிப் பார்த்தால், வேரைச் சுற்றி மணல் உறை போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். எகிப்து தேசத்துப் பாலைகளில் இதனைக் கண்டு 1887இல் எழுதியவர் ஃபோல்கென்ஸ் என்னும் ஜெர்மானியர். வேரும் அதனை அண்டிய பாக்டீரியாக்களும் கசியும் பசையே மணலை இவ்வாறு பிணைக்கிறது. அவ்வுறைக்குள் ஈரம் சற்று நீடிக்கிறது; நுண்ணுயிர்கள் தழைச்சத்துச் சேர்க்கவும் அங்கே இடம் கிடைக்கிறது. ஜெய்சல்மேர்ப் பக்கத்துச் சேவண் புல்லை நினைத்துப் பார்க்க. எரு என்பதையே அறியாத மணலில், ஆண்டுக்கணக்காக ஒரே தூரிலிருந்து தழைத்து, ஆயிரக்கணக்கான பசுக்களைக் காக்கும் புல் அது. அதன் வேரில் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாக்கள் பலவகை குடியிருப்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. பயறு வகைச் செடிக்கே உரியதென்று நாம் எண்ணும் உதவி, முடிச்சே இல்லாத புல்லுக்கும் ஓரளவு கிடைக்கிறது.

நான்காவது, மணலின் மேல் தோல் போர்த்துவது. செடிக்கும் செடிக்கும் இடையிலுள்ள வெளியில் நீலப்பச்சைப் பாசிகள் மெல்லிய இழைகளால் மணலைப் பின்னி ஓர் ஏட்டை உண்டாக்குகின்றன. வறண்ட காலத்தில் அது கறுத்த பொருக்குப்போலத் தோன்றும். நனைந்தவுடன் பச்சை காட்டும். காற்றால் மணல் பறவாமல் தடுப்பது அதுவே. மாட்டுக் குளம்பும் வண்டிச் சக்கரமும் அதனை ஒரு நாளில் நொறுக்கிவிடும். மீண்டும் முழுதாக வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். சீன தேசத்து டெங்கர்ப் பாலையில், இருப்புப்பாதையை மணல் மூடாதபடி 1956 முதல் வைக்கோலைச் சதுரம் சதுரமாக மணலில் ஊன்றி, அவற்றினிடையே புதர்களை நட்டார்கள். மணல் அசைவு நின்ற பின், பாசித்தோல் தானாகவே வந்து படிந்து ஆண்டுக்கு ஆண்டு தடித்தது. மனிதர் செய்தது அமைதியான இடம் அமைத்துக் கொடுத்தது மட்டுமே; எஞ்சிய வேலையை நுண்ணுயிர்கள் செய்துகொண்டன.

இஃது இவ்வாறிருக்க, மறுபக்கத்தார் கூறுவதையும் கேட்க வேண்டும். "நுண்ணுயிர்தான் காரணம் என்றால், அதனை ஆய்வுக்கூடத்தில் பெருக்கிக் கொடுத்துவிடலாமே! மரத்தையும் புல்லையும் ஏன் கட்டிக் காக்கவேண்டும்?" என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. மெக்சிகோ நாட்டுப் பாலையிலே கார்டோன் என்னும் பெருங்கள்ளி வெறும் பாறைமேல் முளைக்கிறது. அதன் விதைக்குள்ளேயே பாக்டீரியாக்கள் இருப்பதையும், மருந்திட்டு அவற்றை நீக்கினால் நாற்றின் வளர்ச்சி குன்றுவதையும், மீண்டும் சேர்த்தால் நாற்றுத் தேறுவதையும் 2009இல் வெளியான ஆராய்ச்சியில் கண்டனர். சவுதி அரேபியாவில் அவுரிக்கு இனமான ஒரு பாலைச் செடியின் முடிச்சிலிருந்து எடுத்த பாக்டீரியா ஒன்றைக் குதிரைமசாலுக்கு இட்டபோது, உப்புநீர் பாய்ந்த வயலிலும் மகசூல் கூடிற்று என்று அங்குள்ள அப்துல்லா அரசர் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டனர். உவர் நீரால் அவதியுறும் குடியானவருக்கு இது நற்செய்தி என்பதில் ஐயமில்லை. நம் நாட்டிலும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் முதலிய உயிர் உரங்கள் நெடுநாளாக வழக்கத்தில் உள்ளன. அவற்றை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் பொட்டலத்தின் எல்லையை அறிந்தே அதனை வாங்க வேண்டும். பொட்டலத்தில் இருப்பது உயிர். உப்பு உரம் அன்று. வெயிலில் கிடந்த கடையிலே அது பாதி வழியில் மாண்டுபோகக் கூடும். வயலில் இட்ட பின்னரும், அங்கு முன்னமே குடியேறிப் பழகிய நுண்ணுயிர்களோடு அது போட்டியிட வேண்டும். ஈரமும் மட்கும் இல்லாத சுடுமணலில் விட்டால், அயலூரிலிருந்து வந்த விருந்தாளி உண்ண உணவும் தங்க நிழலுமின்றி மடிவதுபோல் அது மடியும். வறண்ட நிலங்களில் உயிர் உரம் ஓராண்டு பலித்து மறு ஆண்டு பலிக்காமற் போவதற்கு முக்கிய காரணங்களுள் இது ஒன்று. மேலும், பொட்டலத்தில் ஒரு வகையோ இரண்டு வகையோ உண்டு; மரத்தடியிலோ பூசணமும் பாக்டீரியாவும் பாசியும் ஆயிரக்கணக்கான வகைகளில் ஒன்றையொன்று தாங்கி வாழ்கின்றன. அவுரியின் முடிச்சில் அந்தப் பாக்டீரியா கிடைத்தது, அந்தச் செடி அந்தப் பாலையில் அழியாமல் நின்றதனால் அல்லவா? செடி போயிருந்தால் ஆய்வுக்கூடத்தார் எதனை எடுத்துப் பெருக்கியிருப்பர்?

இக்கேள்வி வெறும் வாதத்துக்காக எழுப்பியதன்று. தார்ப் பாலையில் வன்னி குறைந்துகொண்டே வருகிறது. டிராக்டர் ஏர் ஆழ உழுது, மேல் வேர்களை அறுத்து, தானே முளைத்த கன்றுகளைப் பெயர்த்தெறிகிறது. தழைக்காக ஆண்டுதோறும் கிளைகளை மொட்டையாகக் கழிப்பதால் மரம் நலிகிறது. நலிந்த மரத்தை வேர்துளைக்கும் வண்டும், கானோடெர்மா என்னும் வேரழுகற் பூசணமும் கூடிக் கொல்கின்றன. நட்புப் பூசணம் வாழ்ந்த வேரிலேயே பகைப் பூசணம் குடிபுகுகிறது. 1987இல் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டிய இந்திரா காந்திக் கால்வாயின் பாசனப் பகுதியில், சேவண் புல்வெளிகள் உழவுக்குட்பட்டு மறைந்தன. அண்மை ஆண்டுகளில் சூரிய மின் நிலையங்களுக்காக வன்னி மரங்களை வெட்டுவதை எதிர்த்துப் பீக்கானேர்ப் பகுதி மக்கள் கிளர்ச்சி செய்து வருகின்றனர். நீரும் வேண்டும், மின்சாரமும் வேண்டும். டிராக்டர் வாங்கியவர் அதனைச் சும்மா நிறுத்திவைக்க இயலாது என்பதும் உண்மை. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும்போது மரத்தின் விலையாக விறகின் விலையை மட்டும் எழுதுகிறார்களே, அதுவே பிழை. அதன் வேரோடு கூடிய குடித்தனத்தின் விலையை எவரும் எழுதுவதில்லை.

முன்னோர் அறிந்திருந்தனர். 1730ஆம் ஆண்டில் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டிக் கேஜர்லி என்னும் ஊரில் வன்னியை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்னும் மாதும் அவரைப் பின்பற்றிப் பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் மரத்தைத் தழுவி நின்று உயிர் துறந்தனர் என்பது அந்நாட்டு வரலாறு. பாக்டீரியா என்ற சொல்லையே அறியாதவர்கள் அவர்கள். மரம் போனால் நிலம் போகும் என்பதை அறிந்தவர்கள். அந்நாட்டுக் கிராமங்களில் ஓரண் என்று தெய்வத்தின் பெயரால் விட்ட காடுகள் உண்டு. அவற்றிற் பலவற்றை வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதி வைத்தனர். தரிசு என்று எழுதினால் எவருக்கும் கொடுக்கலாம், எதற்கும் அழிக்கலாம். இத்தகைய காடுகளை நேரில் அளந்து வனமாகக் கணக்கில் ஏற்றுமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இராஜஸ்தான அரசுக்குக் கட்டளையிட்டது. கணக்கெழுதும் பேனா கோடரியினும் கூரியது என்பதைக் கிராம அதிகாரிகள் இதிலிருந்து உணர்வார்களாக.

நம் மாவட்டங்கள் பாலையல்ல. அங்குள்ள மணலும் மழையும் வேறு. எனினும் மானாவாரி நிலம் உடையோருக்கு அப்பாலை கற்பிக்கும் பாடம் பொருந்தும். அதனைச் சுருக்கமாகக் கூறுவோம்.

வரப்பிலும் கொல்லையிலும் தானே முளைத்த வன்னி, வெள்வேல் முதலிய நாட்டு மரங்களைக் கண்டவுடன் பெயர்த்தெறிய வேண்டாம். தழை கழிப்போர் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல் ஒரு பகுதியை மரத்துக்கு விட வேண்டும். புதுக் கன்று வளர்ப்போர், நோயில்லாத தாய்மரத்தின் அடியிலிருந்து ஒரு கூடை மண் எடுத்து நாற்றங்கால் மண்ணோடு கலந்தால், அதற்குரிய குடிகளும் உடன் வரும். உழவை வேண்டிய அளவில் நிறுத்தி, மண்ணை அடிக்கடி ஆழப் புரட்டாதிருத்தல் நலம். தானியப் பயிரோடு பயறு வகையை மாற்றியோ கலந்தோ இட வேண்டும். உயிர் உரம் வாங்குவோர், பொட்டலத்தின் மேலுள்ள காலாவதித் தேதியைப் பார்த்து, நிழலில் வைத்து, பூசணக் கொல்லி மருந்து பூசிய விதையோடு கலவாமல், மண்ணில் ஈரமும் எருவும் உள்ளபோது இடவேண்டும். அப்போதுதான் வந்த விருந்தாளி தங்குவான்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். புல்லும் முள்ளும் மட்டும் நிற்கும் மேய்ச்சல் புறம்போக்கைப் பயனற்ற நிலம் என்று எழுதுமுன் ஒருமுறை குனிந்து அதன் மண்ணைப் பாருங்கள். அங்கே வேர் இருந்தால் வேர்க்குடிகளும் உண்டு. பக்கத்து வயல்களுக்கு விதைப்பண்ணை போன்றது அவ்விடம்.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்று நம் பாட்டன்மார் அறுவடையைப் பங்கிட்டனர். அடிக்கட்டையை நிலத்துக்கே விட்டது, நிலத்துக்கும் பசி உண்டு என்று அவர்கள் எண்ணியதனால்தான். அந்தப் பசியுடையோர் இன்னார் என்பது இன்று நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் அவர்கள் பங்கைக் கொடாது மறுத்து, அவர்களைப் பொட்டலத்தில் தேடி அலைவது விவேகமாகாது.